காலண்டரில் இல்லாத முகம்

(கோவில்பட்டியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கரிசல் நாட்டுக் கலைஞர்கள் மனித முகத்தை எதிலெதில் வரைந்தார்கள், அந்த முகங்களில் நாம் யாராகத் தெரிகிறோம் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோவில்பட்டியில் நின்று இதைப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. எங்கோ இருக்கிற மியூசியத்தைக் கைகாட்ட வேண்டியதில்லை. இந்த ஊரிலிருந்து புறப்பட்ட படம் உங்களில் பலர் வீட்டுச் சாமி மாடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. தினமும் விளக்கேற்றுகிறவர்களுக்கு அதை வரைந்த கை எந்த ஊர்க் கை என்று தெரியாது. அதில் தப்பும் இல்லை. சாமியைக் கும்பிடுகிறவர் வரைந்தவர் பெயரையா தேடிப் படித்துக்கொண்டிருப்பார்?

1942. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்திவந்த ஒரு கம்பெனி கோவில்பட்டிக்கு வந்து, இங்கேயே கலைந்துபோனது. நடிகர்கள் ஆளுக்கொரு திசையாகக் கிளம்பிவிட்டார்கள். திரைச்சீலை எழுதுகிற ஓவியர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். அவர்தான் சி. கொண்டைய ராஜு. 1898-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர். கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மெட்ராஸில் போய் உட்கார்ந்திருந்தால் சினிமாக் கம்பெனிகள் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கும். ஆனால் 1976-இல் கண்மூடும் வரை அவர் கோவில்பட்டிக்காரராகவே இருந்தார். அவரும் சீடர்களுமாகச் சேர்ந்து ஆரம்பித்ததுதான் தேவி ஆர்ட் ஸ்டூடியோ. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று அவரிடம் தொழில் படித்தவர்கள் பின்னால் தாங்களே பெயர் சொல்லும்படி ஆனார்கள். பல படங்களில் குருவும் சீடரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஓவியர்களிடையே அது அபூர்வமான பழக்கம். இன்றைக்கு ஒரு கவிதைத் தொகுப்பின் முன்னுரையில்கூட நாம் இன்னொருத்தர் பெயரைப் பக்கத்தில் போட யோசிக்கிறோம்.

சிவகாசி பக்கத்தில் இருந்தது அவர்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. அச்சுக்கூடங்களுக்குப் படம் தேவை, ஓவியர்களுக்கு அச்சுக்கூடம் தேவை. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். ஏஜென்டுகள் அந்த ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக்கடை முதலாளி புரட்டிப் பார்த்து, ‘இந்த லட்சுமியில் ஆயிரம், இந்த முருகனில் ஐந்நூறு’ என்பார். அடியில் கடைப் பெயரை அடித்துக் கொடுப்பார்கள். வருஷம் முடிந்ததும் தேதித்தாள் போய்விடும், படம் போகாது. அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். கோவிலுக்குள் நுழைய விடாமல் நிறுத்தப்பட்ட குடும்பங்களுக்கும் கொண்டைய ராஜுவின் மீனாட்சி வீடு தேடி வந்தது இந்த வழியில்தான். இதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். கருவறையில் சாமியைப் பத்தடிக்கு அப்பால் நின்று, திரைக்கும் தீபப் புகைக்கும் நடுவில், ஒரு நிமிஷம் பார்த்த மக்களுக்கு, சாமியின் முகத்தை ஒரு முழ தூரத்தில் நாளெல்லாம் பார்க்கிற உரிமையைக் கொடுத்தது சிவகாசி காகிதம்.

‘மீனாட்சி திருக்கல்யாணம்’ படத்தை மனசுக்குள் கொண்டுவந்து பாருங்கள். பெருமாள் தாரைவார்த்துத் தங்கையைக் கொடுக்கிறார், சொக்கர் கைப்பிடிக்கிறார். மேனி பச்சை, பட்டு சிவப்பு, நகை அத்தனையும் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருக்கும். ஆனால் நம் கண் போய் நிற்பது முகத்தில்தான். வட்ட முகம், மாசு மருவில்லாத கன்னம், மேலே கீழே பார்க்காமல் நம்மைப் பார்க்கிற கண். மேல்நாட்டு முறையில் நிழலும் வெளிச்சமும் படித்தவர் அவர். மூக்குக்கு ஒரு பக்கம் நிழல் விழ வேண்டும் என்பது தெரியாதவர் இல்லை. தெரிந்தே அந்த நிழலைக் கரைத்துவிட்டார். நாடகத் திரை எழுதிய அனுபவம் அங்கே பேசுகிறது. கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கும் முகம் தெரிய வேண்டும், அவனையும் சாமி பார்க்க வேண்டும். இந்த இரண்டும்தான் கோவில்பட்டிப் பாணிக்கு அஸ்திவாரம்.

கனடா நாட்டு மானுடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் இங்கே வந்து இவர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அதற்கு முன்னால் அவர் மதுரைப் பக்கத்து வேளார்களைப் பற்றி எழுதியவர். மண்ணில் சாமியும் குதிரையும் செய்து, அவரே பூசாரியாகவும் நிற்கிற வேளாரைப் பார்த்த கண்ணோடு காலண்டர் ஓவியரைப் பார்த்திருக்கிறார். அது சரியான பாதை. நம் ஊர் ஓவிய விமர்சகர்கள் ரொம்ப நாள் இதைக் ‘காலண்டர் ஆர்ட்’ என்று மூக்கைச் சுளித்தே ஒதுக்கினார்கள். சுளித்தவர் வீட்டுச் சமையலறையில் எந்தப் படம் மாட்டியிருந்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கொண்டைய ராஜு முப்பத்து நான்கு வருஷம் இந்த ஊரில் இருந்தார். ஜன்னலைத் திறந்தால் தெருவில் போனவர்கள் யார்? பருத்தி எடுத்துவிட்டு மடி கனக்க வருகிற பெண்கள், மில் சங்குக்கு ஓடுகிறவர்கள், விரலெல்லாம் மருந்து ஒட்டியபடி தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்புகிற பிள்ளைகள். வெயிலில் கறுத்து, மழை பார்த்து நெற்றி சுருங்கிய முகங்கள். அந்த முகம் காலண்டரில் எங்கே?

இல்லை. நீலம் உண்டு, பச்சை உண்டு, பொன்னிறமும் ரோஜா நிறமும் உண்டு. கரிசல் நிறம் கிடையாது. நான் ஓவியரைக் குற்றம் சொல்லவில்லை. காலண்டர் வாங்குகிறவன் வருஷம் முழுக்கத் தன் கஷ்டத்தையே சுவரில் மாட்டிப் பார்க்க விரும்ப மாட்டான். ஆனாலும் நம் முகத்தை நாமே பார்க்க ஆசைப்படாமல் போனது எப்படி என்பது கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறையில் கிடைக்கிறது.

பிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்று ஒரு வேலை இருந்தது. இங்கே இருக்கிற ஐம்பது வயதுக்காரர்களுக்குத் தெரியும். தொழிலை விட்டு ரொம்ப நாளான ஒருவர் எனக்கு அதை உட்கார்ந்து விளக்கினார். நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் பொருத்துவார்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வரும். வழுவழுப்பான இடத்தில் பென்சில் பிடிக்காது என்பதால், நெகட்டிவின் மேல் முதலில் ஒரு பிசின் எண்ணெயை லேசாகத் தேய்ப்பார்கள். பென்சிலை உப்புத்தாளில் உரசி ஊசிபோல் ஆக்கிக்கொண்டு, கன்னக்குழியிலும் கண்ணுக்குக் கீழேயும் புள்ளி புள்ளியாக, கமா கமாவாக வைத்துக்கொண்டே போக வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதில் கறுப்புக் கூடினால் பிரிண்டில் வெளுப்புக் கூடும். ஆக, பென்சில் பட்ட இடமெல்லாம் படத்தில் வெளுத்து வரும். ஒட்டிய கன்னம் பூரிக்கும். அம்மைத் தழும்பு மறையும். ‘பொண்ணு படமா இருந்தா ரெண்டு மணி நேரம் ஆகும், மாப்பிள்ளை படம்னா அரை மணி’ என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பெண் பார்க்க அனுப்பும் போட்டோ என்பது குடும்பத்துக்கான மனு. அந்த மனுவில் நிறம் ஒரு முக்கியமான வரி. ஸ்டூடியோக்காரர் அந்த வரியைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். பின்னால் தொங்குகிற திரையில் மாடிப்படி இருக்கும், தூண் இருக்கும், தடாகத்தில் தாமரை இருக்கும். மேஜைமேல் பிளாஸ்டிக் பூ, ஒரு ரேடியோப் பெட்டி, சில நேரம் போன். ஓட்டு வீட்டில்கூட இல்லாமல் கூரை வீட்டில் பிறந்தவர், மாடிப்படிக்கு முன்னால் கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடித்து வைத்துக்கொண்டு நிற்பார். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு மனிதர் தான் யாராக இருக்க விரும்பினாரோ, அதற்காக ஒரு நாள் கூலியைச் செலவழித்து எடுத்துக்கொண்ட வாக்குமூலம் அது. சாகும்வரை ஒரே ஒரு படம்தான் எடுத்தவர்கள் உண்டு. படமே எடுக்காமல் செத்தவர்களும் உண்டு. அவர்களைப் பாடையில் வைப்பதற்கு முன் நாற்காலியில் சாத்தி, மாலை போட்டு, பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். மூடிய கண்ணை ஸ்டூடியோவில் திறந்து எழுதிக் கொடுத்ததும் உண்டு. இப்படிப்பட்ட பழைய ஸ்டூடியோப் படங்களைத் தமிழ்நாடு முழுக்கத் தேடி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலில் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் பழைய இரும்புக்குப் போட்ட சரக்கு அது.

பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக வரைந்து தருகிறவர்கள் இன்றைக்கும் சில ஊர்களில் இருக்கிறார்கள். பிளெக்ஸ் வந்ததும் அவர்களில் பலர் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள், பலர் வேறு பிழைப்புக்குப் போனார்கள். பிளெக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே சிரிப்பு, ஒரே வெளுப்பு. டச்சிங் செய்தவர் இரண்டு மணி நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டாவது இருந்தார்.

இனிப் பெரிய மனிதர்களின் முகத்துக்கு வருவோம். ஒரு சமூகம் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வது அங்கேதான் வெளியே தெரியும்.

பக்கத்து எட்டயபுரத்து ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாரதியின் புகைப்படங்கள் என்று நமக்குக் கிடைத்திருப்பவை கைவிரல் விட்டு எண்ணத்தக்கவை. ஆனால் தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பாரதியை வரைந்துவிடும். தலைப்பாகை, மேல்நோக்கிய மீசை, கறுப்புக் கோட்டு, போதும். டிசம்பர் 11 அன்று பள்ளிக்கூட வாசலில் பாருங்கள். அம்மாவின் கண்மையில் மீசை வரைந்துகொண்டு அரை டஜன் பாரதிகள் வரிசையில் நிற்பார்கள். உருவப்படம் உடம்பிலேயே வரையப்படுகிற நாள் அது. அந்த முகத்தை முதலில் வரைந்தவர் யார்? பாரதியேதான். காசியில் இருந்த காலத்தில் குடுமியை விட்டு, மீசை வைத்து, தலைப்பாகை கட்டிக்கொண்டவர் அவர். பிறந்த குலம் கொடுத்த முகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். ஓவியர்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள். நாம் பார்த்துப் பழகிய பாரதி ஓவியத்தைத் தந்த ஆர்யா என்கிற பாஷ்யம், 1932 ஜனவரி 26 அன்று சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறித் தேசியக் கொடி கட்டி ஜெயிலுக்குப் போனவர். அந்த ஓவியத்தின் பார்வையில் ஒரு நெருப்பு இருக்கிறது என்றால், அது வரைந்தவரிடமும் கொஞ்சம் இருந்த நெருப்பு. 1947 அக்டோபரில் எட்டயபுரம் மணிமண்டபத்தை ராஜாஜி திறந்துவைத்தபோது, கல்கி பத்திரிகை வாசகர்கள் அனுப்பிய பணத்தில் ஊருக்கு ஒரு முகம் நிலைத்தது.

கட்டபொம்மன் கதை வேறு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவருக்கு, அவர் காலத்தில் எழுதப்பட்டது என்று நம்பிச் சொல்லத்தக்க படம் எதுவும் நம் கையில் இல்லை. நூற்றி அறுபது வருஷம் அவர் கதைப்பாட்டிலும் கும்மியிலும் முகமில்லாமலே வாழ்ந்தார். 1959-இல் சிவாஜி கணேசன் நடித்த பந்துலுவின் படம் வந்தது. அன்றைக்கு மாட்டிய முகம்தான் இன்றுவரை. தூக்கிலிட்ட இடத்தில் நிலம் வாங்கி 1970-இல் சிலை வைத்தவரும் சிவாஜி கணேசனேதான். நடித்தவர் தானே போய், தான் ஏற்ற வேஷத்துக்குச் சிலை நிறுத்தினார். உலகத்தில் வேறெங்காவது இப்படி நடந்திருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கயத்தாறில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒரு பாட்டி அந்தச் சிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். அவள் கும்பிடுவது பாஞ்சாலங்குறிச்சிக்காரரையா, சினிமாவில் வசனம் பேசினவரையா? கேட்டால் திட்டுவாள். இரண்டும் ஒன்றுதான் அவளுக்கு.

அடுத்து நடந்ததுதான் நம்மைப் பற்றி நிறையச் சொல்கிறது. கட்டபொம்மனுக்கு முகம் கிடைத்ததும் மற்றவர்களும் தங்கள் முன்னோரின் முகத்தைத் தேடினார்கள். கட்டாலங்குளத்து வீரன் அழகுமுத்துக்கோன், கவர்னகிரியின் வீரன் சுந்தரலிங்கம், பூலித்தேவனின் தளபதி ஒண்டிவீரன். வரலாற்றில் பெயர் இருந்தும் படமில்லாதவர்கள். மேடை ஓவியர்களும் சிற்பிகளும் ஒவ்வொருவருக்கும் முகம் எழுதிக் கொடுத்தார்கள். 2015-இல் அழகுமுத்துக்கோனும் 2022-இல் ஒண்டிவீரனும் தபால்தலையாகவே வந்துவிட்டார்கள். கேட்பது நியாயம், கிடைத்ததும் நியாயம். ஓவியக்காரனாக எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். இந்த முகங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். அதே முறுக்கு மீசை, அதே தலைப்பாகை, அதே நெஞ்சு, அதே வாள். ஒவ்வொரு சமூகமும் தனி அடையாளம் கேட்டது. எல்லோருக்கும் கிடைத்தது 1959-இன் சாயல்.

அந்த முகத்துக்காக நாம் அடித்துக்கொண்டும் இருக்கிறோம். 1997-இல் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் என்று அறிவித்ததும் சாதிக் கலவரத்தில் தென்மாவட்டங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரையும் பஸ்ஸிலிருந்து அழித்தார்கள். இன்றைக்கும் இங்கிருந்து திருநெல்வேலி போகிற வழியிலோ மதுரை போகிற வழியிலோ கண்ணைத் திறந்து வைத்திருந்தால், கம்பிக் கூண்டுக்குள் பூட்டிய தலைவர் சிலைகளைப் பார்க்கலாம். அம்பேத்கரும் கூண்டுக்குள்தான். உருவத்துக்குக் கூண்டு போட வேண்டிய நிலையில் ஒரு நாடு இருக்கிறதென்றால், அங்கே உருவப்படம் அலங்காரச் சாமானாக இருக்க முடியாது. பட்டாப் பத்திரம்போல் அதைப் பார்க்கிறார்கள்.

இந்தச் சண்டைக்கெல்லாம் வெகுகாலம் முன்னால், இதே கரிசலில் முகத்தை வேறு விதமாக யோசித்தவர்கள் இருந்தார்கள். கழுகுமலைக்குப் போனால் வெட்டுவான் கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். அது பார்க்க வேண்டியதுதான். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் சிற்பிகள் மலையை மேலிருந்து குடைந்து இறங்கி, பாதியில் விட்டுப்போன கோவில். அப்படியே பாறைச் சரிவில் சமணர் படுகை பக்கம் நடங்கள். தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக, நூற்றுக்கு மேல். முக்குடை, பத்மாசனம், மடியில் கை, மூடியும் மூடாத கண். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் முகத்தில் அதிக வித்தியாசம் சொல்ல முடியாது. வித்தியாசம் அடியில் இருக்கிறது. வட்டெழுத்தில், இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறார்கள். குருமார் பெயர், மாணாக்கர் பெயர், குரத்தியார் என்ற பெண் ஆசிரியர்கள் பெயர், கைத்தொழில் செய்தவர்கள் பெயர், சுற்றுவட்டார ஊர்ப் பெயர். ராஜாக்கள் மட்டும் இல்லை. செத்துப்போன தன் ஆளுக்காக ஒருவர் ஒரு உருவம் செய்து வைக்கிறார். அந்த உருவத்தில் செத்தவரின் மூக்கும் முழியும் கிடையாது. பெயர் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தப் பெயரை இன்றைக்கும் படிக்க முடிகிறது. மதுரைப் புது மண்டபத்தில் நாயக்க ராஜாக்கள் தங்கள் தொந்தியோடும் கொண்டையோடும் அச்சு அசலாக நிற்கிறார்கள். வழிகாட்டி சொல்லாவிட்டால் இதில் யார் எவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

காலண்டரில் தேடிக் கிடைக்காத கரிசல்காரனின் முகத்தை அவனுடைய நிறத்தோடும் சுருக்கத்தோடும் முதலில் வரைந்தவர்கள் தூரிகை பிடித்தவர்கள் இல்லை, பேனா பிடித்தவர்கள். இதுதான் நான் சொல்ல வந்தது. 1976 இங்கே முக்கியமான வருஷம். கொண்டைய ராஜு காலமான அதே வருஷம்தான் ‘கோபல்ல கிராமம்’ வந்தது. இடைசெவலில் சம்சாரியாக இருந்த கி. ராஜநாராயணன் ஒரு ஊரையே வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் அதில் உட்கார்ந்திருக்கிறாள். டச்சிங் கிடையாது. பின்னால் தாமரைத் தடாகம் கிடையாது. ஒருவர் மூக்குப்பொடி போடும் விதம், ஒருவர் நடக்கும் விதம், ஊர் வைத்த பட்டப்பெயர் என்று மூன்று கோட்டில் ஆளை நிறுத்திவிடுவார். பக்கத்து வீட்டு கு. அழகிரிசாமி அவருக்கு முன்னாலேயே குழந்தைகளின் முகத்தை எழுதியிருந்தார். பூமணி 1979-இல் ‘பிறகு’ எழுதியபோது, கி.ரா.வின் குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்றவர்கள், நிற்கவே இடம் கிடைக்காதவர்கள், நடுவில் வந்து உட்கார்ந்தார்கள். உருளைக்குடியிலிருந்து சோ. தர்மன் தன் பங்குக்குக் கண்மாயையும் அதை நம்பியவர்களையும் எழுதினார். இந்த நான்கு பேருக்கும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. பூமணியின் ‘வெக்கை’ 2019-இல் ‘அசுரன்’ ஆனது. அந்தக் கதையின் தகப்பனுக்கும் இனி தனுஷ் முகம்தான். கயத்தாறில் நடந்தது திரும்ப நடக்கிறது, நல்லவேளை சிலை இன்னும் வைக்கவில்லை.

எழுத்து முதலில் வந்தது, கோடு பின்னால் வந்தது. கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது ஓவியர் ஆதிமூலம் அதற்குப் படம் போட்டார். காந்தியை நூறு விதமாகக் கோட்டோவியம் ஆக்கிய கை அது, கீரம்பூர்க்காரரின் கை. கறுப்பு மசியும் வெள்ளைத்தாளும்தான். வெடித்த கரிசல் தரையில் ஓடும் கோடும் கிழவன் முகத்தில் ஓடும் கோடும் ஒரே பேனாவில் வந்தன. காலண்டரில் இல்லாத முகம் அங்கே முதல்முதலாகத் தாளில் ஏறியது. நிறம் கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. 2021 மே மாதம் புதுச்சேரியில் கி.ரா. காலமானபோது அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் செய்தார்கள். இதே ஊரில் அவருக்கு நினைவரங்கமும் சிலையும் வந்துவிட்டன. அதுவரைக்கும் சந்தோஷம்.

இப்போதைய காலத்துக்கு வந்தால் கேமரா கை மாறியிருக்கிறது. மதுரைப் பக்கத்தில் மீன் விற்று வளர்த்த ஒரு தாயின் மகன் எம். பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் முகத்தையும் குடும்பத்தையும் வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்கிறார். கடல்பாசி எடுக்கும் பெண்களைத் தண்ணீருக்குள்ளேயே போய் எடுத்தார். 2022-இல் பாரி இணைய இதழின் தயானிதா சிங் விருது முதன்முதலில் அவருக்குத்தான் கிடைத்தது. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன், கொரோனா முடக்கத்தில் ஊர் திரும்பி, தன் குடும்பத்தையே படமாக்கினார்.  உலகம் அதைப் பார்த்தது. இவர்கள் படங்களில் நான் கவனிப்பது ஒன்றுதான். எடுக்கப்பட்டவர் கறுப்பாக இருக்கிறார். யாரும் பென்சில் வைக்கவில்லை. ஸ்டூடியோவில் எடுத்த பழைய கல்யாணப் படத்தில் பெண் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாளோ, அதே நிமிர்வு இதிலும் இருக்கிறது, கூலி கொடுத்து வாங்காமல்.

கோவில்பட்டியிலும் வரைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். மொபைலில் ஒரு ஆப்பைத் தட்டினால் டச்சிங் அரை விநாடியில் முடிந்துவிடுகிறது, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நடிகர் படத்தைப் பார்த்து பென்சிலில் வரைந்து கைதட்டு வாங்குவது கை பழக நல்லதுதான். ஆறு மாதம் போதும். அதற்குப் பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பத்தாவை வரையுங்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேன் வாசலில் நிற்கும்போது ஏறுகிற பெண்களை வரையுங்கள். ஒரு குரோஸ் பெட்டி என்றால் நூற்று நாற்பத்து நான்கு. அத்தனையிலும் யார் யார் படத்தையோ ஒட்டிய கைகள் அவை. அவர்களுக்கென்று ஒரு லேபிள் கிடையாது.

வரைகிறவர்கள் அல்லாத மற்றவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். வீட்டுப் பெட்டியில், பீரோ அடியில், பழைய போட்டோக்கள் கிடக்கும். அதை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் படம் கெட்டுவிடும். செலோடேப் ஒட்டாதீர்கள். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, இவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேளுங்கள். படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலில், அழுத்தாமல், பெயரையும் ஊரையும் வருஷத்தையும் எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பெண்களை ‘இன்னார் மனைவி’ என்று எழுதி முடித்துவிடாமல் அவர்கள் பெயரையே எழுதுங்கள். பழைய ஸ்டூடியோ எதாவது மூடப்போகிறது என்று காதில் விழுந்தால், நெகட்டிவ் பெட்டிகளை எடைக்குப் போடுவதற்கு முன்னால் பக்கத்துக் கல்லூரிக்கோ நூலகத்துக்கோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். தேவி ஆர்ட் ஸ்டூடியோ கையெழுத்துள்ள காலண்டர் உங்கள் வீட்டில் இருந்தால் சட்டத்தோடு வைத்திருங்கள், கழற்ற வேண்டாம். இந்த வாரமே ஆரம்பியுங்கள்.